சிரிப்பைக் கண்டு பயந்த சர்க்கார்



வெள்ளைக்காரன் காலத்து மேடையிலே அதிகம் சாதித்தது அழ வைத்த நாடகமா, சிரிக்க வைத்த நாடகமா? எதிரணி அம்மா பேசும்போது, "ஷேக்ஸ்பியர் நாடகம்தான் நாடகம், மற்றதெல்லாம் கேலிக்கூத்து" என்றார்கள். அம்மா, அந்தக் கேலிக்கூத்துக்காகத்தான் நான் வந்திருக்கிறேன்!

அந்தக் காலத்தில் ஒரே டிக்கெட்டில் ரெண்டு நாடகம். முதலில் பெரிய நாடகம். கத்திக்குத்து, கண்ணீர் எல்லாம் முடிந்ததும், கடைசியில் ஒரே அங்கத்தில் ஒரு கேலி நாடகம். 'ஃபார்ஸ்' என்பான் வெள்ளைக்காரன். விருந்து சாப்பிட்டு எழுந்தவனுக்கு வெற்றிலை பாக்கு மாதிரி. லண்டனில் இருந்த இந்த வழக்கம் கப்பலேறி கல்கத்தா, பம்பாய், சிட்னி வரைக்கும் போயிற்று.

ஏன் போயிற்று? செலவு கம்மி ஐயா! அரண்மனை வேண்டாம், படை வேண்டாம். ஒரு அறை, நாலு நாற்காலி, மூணு பேர் போதும். 1847-இல் ஜான் மேடிசன் மார்ட்டன் எழுதிய 'பாக்ஸ் அண்ட் காக்ஸ்' நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கார அம்மா. பாக்ஸ் என்பவனுக்கு அச்சாபீசில் ராத்திரி வேலை. காக்ஸ் என்பவன் தொப்பி செய்கிறவன், அவனுக்குப் பகல் வேலை. ஒருவனுக்குத் தெரியாமல் ஒருவனுக்கு, ஒரே அறையை வாடகைக்கு விட்டு ரெண்டு பேரிடமும் காசு வாங்குகிறாள் அந்த மகராசி! ஒருநாள் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் அறைக்குள்ளே... அப்புறம் கேட்கவா வேண்டும்? ராஜா கதை இல்லை இது. வாடகை கொடுக்க அல்லாடுகிறவன் கதை. பகலெல்லாம் துரை துரை என்று கும்பிடு வாங்கினவர்களின் சொந்த ஊரிலே, இப்படியும் ஜனங்கள் இருக்கிறார்கள் என்று மேடையிலே காட்டியது இந்த ஃபார்ஸ்தான்.

சிரிக்க வைப்பது லேசு என்கிறது எதிரணி. லேசா? எஸ்தர் லீச் என்று ஒரு அம்மையார். கல்கத்தாவில் 'சான் சூசி' என்ற நாடக அரங்கைத் தானே முன்நின்று தொடங்கியவர். 1843 நவம்பர் 2-ஆம் தேதி. 'வெனிஸ் வணிகன்' முடிந்துவிட்டது. அடுத்து 'ஹேண்ட்சம் ஹஸ்பண்ட்', அதாவது அழகான புருஷன் என்ற கேலி நாடகம். தன்னுடைய முறைக்காகப் பக்கத் திரை ஓரத்தில் காத்து நிற்கிறார். அங்கே இருந்த எண்ணெய் விளக்கிலிருந்து உடையில் தீ பற்றிவிட்டது. பதினாறு நாள் கழித்து, நவம்பர் 18-இல் உயிர் போயிற்று. ஜனங்களைச் சிரிக்க வைக்கக் காத்திருந்த நேரத்தில் வெந்துபோனார் ஐயா அந்தத் தாய்! அந்தச் சிரிப்பையா லேசு என்கிறீர்கள்?

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. 1853-இல் பம்பாயில் பார்சி இளைஞர்கள் 'ருஸ்தம்–சொராப்' கதையைப் போட்டார்கள். போட்டுவிட்டுக் கூடவே ஒரு கேலி நாடகமும் நடத்தினார்கள். வழக்கம் அவனுடையது, சிரிப்பு நம்முடையது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1876. வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்திருந்தார். ஜகதானந்த முகர்ஜி என்ற வக்கீல் அவரை வீட்டுக்கு அழைத்து, அந்தப்புரத்துப் பெண்களையே வரவேற்க வைத்தார். ஊரே கொதித்தது. பிப்ரவரியில் 'கிரேட் நேஷனல் தியேட்டர்'காரர்கள் 'கஜதானந்தனும் யுவராஜாவும்' என்று ஒரு கேலி நாடகம் போட்டார்கள். போலீஸ் தடுத்தது. உடனே பெயரை மாற்றி, 'ஹனுமான் சரித்திரம்' என்று போட்டார்கள்! அதற்கும் தடை. விட்டார்களா? அடுத்த கேலி போலீஸ் மேலேயே. கமிஷனர் பெயர் ஹாக், சூப்பரின்டெண்டென்ட் பெயர் லாம்ப். நாடகத்தின் பெயர், 'பன்றி–ஆட்டுப் போலீஸ்'! பெயர் வைத்தது அவங்க அப்பா. நாடகக்காரன் அர்த்தம் சொன்னான், அவ்வளவுதான்.

அந்தப் பிப்ரவரி முடிவதற்குள் வைசிராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் கொண்டுவந்தார். டிசம்பரில் நாடகங்களைத் தடை செய்கிற சட்டமே வந்துவிட்டது. நடுவர் அவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அவுரித் தோட்ட விவசாயிகளின் கண்ணீரைச் சொன்ன 'நீல் தர்ப்பண்' அதே கல்கத்தாவில் 1872-லேயே பொது மேடை ஏறிவிட்டது. பார்த்தவர்கள் அழுதார்கள். சர்க்காருக்குக் கோபம் வந்திருக்கும், சட்டம் வரவில்லை. நாலு வருஷம் கழித்து ஜனங்கள் சிரித்தார்கள்; சட்டம் வந்தது! அழுகிறவனைப் பார்த்து அதிகாரம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறவன் முன்னால் அதனால் நிற்க முடியாது.

வெள்ளைக்காரன் 1947-இல் போய்விட்டான். அவன் போட்ட அந்தச் சட்டத்தை நாம் நீக்கியது 2018-இல். சிரிப்புக்கு எவ்வளவு நாள் பயந்திருக்கிறோம் பாருங்கள்!

ஆகவே நடுவர் அவர்களே, வெற்றிலை பாக்காக வந்து வைசிராயையே புரையேற வைத்தது அந்தச் சின்னக் கேலி நாடகம்தான். அதுவே அதிகம் சாதித்தது என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.