வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்றுதான்
(பெரிய முதலியார்சாவடியில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக்கு மாதாமாதம் வருகிற மருந்துச் சீட்டுகளை நாங்கள் பார்க்கிறோம். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் அடுத்தபடியாக அதிகம் கண்ணில் படுவது கால்சியமும் வைட்டமின் டியும்தான். முழங்கால் வலியா, இடுப்பு வலியா, ஸஜ்தாவிலிருந்து எழ முடியவில்லையா, பிள்ளை பெற்ற உடம்பா, எல்லாவற்றுக்கும் இந்த இரண்டும் எழுதப்படுகின்றன. எழுதித் தருவதில் குற்றம் சொல்ல நாங்கள் மருத்துவர்கள் அல்ல. எங்கள் கவலை அந்தச் சீட்டு வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்பதில்தான். எட்டு வாரத்துக்கு எழுதிய சீட்டு இரண்டு வருடம் ஓடுகிறது. மாமியாருக்கு எழுதியது மருமகளுக்குப் போகிறது. "சத்து மாத்திரைதானே, அதிகமானால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

முதலில் பொடிப் பாக்கெட்டைப் பார்ப்போம். பாலில் கலந்து குடிக்கச் சொல்வார்களே, அதுதான். சிலருக்கு அதையே மாத்திரையாகவோ, மென்மையான கேப்ஸ்யூலாகவோ, சிறு குப்பியில் திரவமாகவோ தருகிறார்கள். அதன் மேல் 60,000 ஐ.யு. என்று அச்சிட்டிருக்கும். ஐ.யு. என்பது வைட்டமினை அளக்கும் யூனிட். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 600 யூனிட், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 800 என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. நாள்தோறும் எடுத்தால் 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. அப்படியானால் 60,000 எதற்கு? உடம்பில் இருப்பு மிகவும் குறைந்து போனவருக்கு வாரம் ஒரு முறை, பெரும்பாலும் எட்டு வாரம் கொடுத்து இருப்பை ஏற்றிவிட்டு நிறுத்துவதற்கு. அதன் பிறகு மாதம் ஒன்றா, நாள்தோறும் சிறிய அளவா, ஒன்றுமே வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இந்த வாரப் பாக்கெட்டை ஒருவர் தினமும் குடித்தால் மேல் வரம்பைப் போல் 15 மடங்கு உள்ளே போகிறது.

தண்ணீரில் கரையும் வைட்டமின்களில் மிஞ்சியதைச் சிறுநீர் பெரும்பாலும் வெளியே கொண்டு போய்விடும். வைட்டமின் டி அப்படி அல்ல. அது கொழுப்பில் கரைவது, கொழுப்பில் தங்குவது. தவறு தெரிந்து இன்று நிறுத்தினாலும் வாரக் கணக்கில், சில நேரம் மாதக் கணக்கில், உள்ளே இருந்து வேலை செய்துகொண்டே இருக்கும். அது குடலில் கால்சியத்தை இழுக்கிறது. அளவு மீறினால் எலும்பிலிருந்தும் எடுத்து ரத்தத்தில் ஏற்றுகிறது. எலும்பைக் காக்க வாங்கிய மருந்து எலும்பையே கரைக்கிறது.

இது காகிதக் கணக்கு மட்டும் அல்ல. ஸ்ரீநகரில் உள்ள ஷேர்-இ-காஷ்மீர் மருத்துவ அறிவியல் நிறுவனத்து மருத்துவர்கள் 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காஷ்மீர் குளிர் நாடு, வைட்டமின் டி குறைவு பரவலாக உள்ள பகுதி. அங்கே பெரிய அளவில் திரும்பத் திரும்ப வைட்டமின் டி கொடுக்கப்பட்டு, அதுவே விஷமாகி வந்த 10 பெரியவர்களைப் பற்றிய கட்டுரை அது. வாந்தி, மலச்சிக்கல், எடை குறைவு, நினைவு தடுமாற்றம், சிறுநீரகப் பாதிப்பு என்று வந்தவர்கள். குறைவு அதிகமாக உள்ள ஊரில்தான் அளவு மீறலும் நடந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 'எல்லாருக்கும் குறைவு' என்ற பேச்சு பரவிவிட்டால் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் பக்கத்திலும் குறைவு இல்லாமல் இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மாதவிடாய் நின்ற 150 பெண்களைப் பரிசோதித்து 2008இல் வெளியிட்டதில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு வைட்டமின் டி போதவில்லை. இவ்வளவு வெயில் அடிக்கும் நாட்டில் இப்படியா என்று தோன்றும். நம் பெண்களின் உடைதான் காரணம் என்று உடனே ஒருவர் சொல்வார். உடை ஒரு காரணம்தான். வயதாக ஆகத் தோல் வைட்டமின் டியைத் தயாரிக்கும் திறன் குறைகிறது, கருத்த தோலுக்கு வெயில் கூடுதல் நேரம் வேண்டும், நாள் முழுவதும் அடுப்படியிலோ அலுவலகத்திலோ இருந்தால் ஆணுக்கும் இதே கதிதான். இன்னொன்று: காலை இளவெயில் நல்லது என்று வழக்கமாகச் சொல்கிறோம். உடம்புக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். வைட்டமின் டி உருவாவதற்கான கதிர் அதில் மிகக் குறைவு. திருப்பதியில் செய்த ஆய்வில், பகல் 11 மணி முதல் 2 மணி வரை விழும் வெயில்தான் அதற்குப் பயன்படுகிறது என்று கண்டிருக்கிறார்கள். மாடியில் மறைப்பு இருக்கும் வீட்டில் வடகமோ மிளகாயோ காயவைக்கும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, முழங்கை வரை வெயில் பட நிற்கலாம். வெயிலால் வைட்டமின் டி விஷமாவதில்லை, மிஞ்சியதைத் தோலே அழித்துவிடும். பாக்கெட்டுக்கு அந்த அறிவு இல்லை.

இனி கால்சியம். மாத்திரை அட்டையில் கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம் என்று போட்டு, கீழே சிறிய எழுத்தில் கால்சியம் 500 மில்லிகிராம் என்று இருக்கும். உடம்புக்குக் கணக்கு அந்த 500தான். நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1,000; பால் கொடுக்கும் தாய்க்கும் மாதவிடாய் நின்றவருக்கும் 1,200. இதில் சாப்பாடு கொடுத்தது போக மீதிதான் மாத்திரையின் பங்கு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, முருங்கைக்கீரையில் 300க்கு மேல், எள்ளில் 1,000க்கு மேல், ஒரு பெரிய டம்ளர் பாலில் 200க்கு மேல். நெத்திலியை முள்ளோடு மென்று சாப்பிடுகிற கடற்கரைக்காரர்களுக்கு இதை நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகள் நெத்திலியைத் தள்ளிவிட்டு பிராய்லர் கேட்கிறார்கள், அது வேறு வழக்கு.

ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் விழுங்கினால் உடம்பு அதைச் சரியாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு மாத்திரை எழுதியிருந்தால் ஒன்று பகல் சாப்பாட்டோடு, மற்றொன்று இரவுச் சாப்பாட்டோடு. கார்பனேட் வகை வெறும் வயிற்றில் வேண்டாம். சிட்ரேட் வகையை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

போன முறை மருத்துவ உதவிக்கு வந்த ஒரு தாயார் பையில் இருந்த அட்டைகளை எல்லாம் மேசையில் எடுத்து வைத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு மாத்திரை, கால்சியம். மூன்றையும் ஃபஜ்ருக்குப் பின் தேநீரோடு ஒன்றாக விழுங்குவாராம், ஒன்றும் மறந்து போகாமல் இருக்க. அவர் ஒழுங்கைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கால்சியம் இரும்பையும் தடுக்கும், தைராய்டு மருந்தையும் தடுக்கும்; தேநீரும் இரும்பைத் தடுக்கும். மூன்று மருந்துக்குப் பணம் செலவாகி, ஒன்று கூட முழுதாகச் சேர்வதில்லை. இரும்புக்கும் கால்சியத்துக்கும் இடையே குறைந்தது 2 மணி நேரம், தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே 4 மணி நேரம் விட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு 14ஆம் வாரத்திலிருந்து பேறு முடிந்து 6 மாதம் வரை கால்சியம் கொடுக்கச் சொல்லும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டியிலும் இரும்பையும் கால்சியத்தையும் பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. கர்ப்பிணிச் சகோதரிகள் நர்ஸம்மா கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள், நேரத்தை மட்டும் பிரியுங்கள். சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளோடும் கால்சியம் சேராது. காய்ச்சலுக்கு மருந்து வாங்கும்போது கால்சியம் சாப்பிடுவதை வாய் திறந்து சொல்ல வேண்டும்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. மரக்காணம் பாத்திகளில் நீர் சுண்டச் சுண்ட, உப்பு விழுவதற்கு முன்பே ஜிப்சம் அடியில் படிவது உங்களுக்குத் தெரியும். ஜிப்சமும் கால்சியம்தான். வெயிலில் நின்று தண்ணீர் குடிக்காமல் சிறுநீர் கெட்டியானால் உள்ளேயும் ஏறத்தாழ அதுவே நடக்கிறது, கல் படிகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்ததில், வெப்பத்தோடு சேர்ந்து சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களையும் கண்டார்கள். அப்படிப்பட்ட சிறுநீரகத்தின் மேல் தேவையில்லாத கால்சியத்தை ஏற்றக் கூடாது. அமெரிக்காவில் 36,000க்கு மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்து 2006இல் வெளியிட்ட சோதனையில், கால்சியமும் வைட்டமின் டியும் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடுதலாக வந்தது. சாப்பாட்டிலிருந்து வரும் கால்சியத்துக்கு இந்தப் பயம் வேண்டாம். ஆகவே கல் வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தக்கொதிப்புக்கு நீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதய மருந்து சாப்பிடுகிறவர்கள், ரத்தப் பரிசோதனை செய்யாமல் கால்சியத்தைத் தொட வேண்டாம்.

நோன்பைப் பற்றியும் கேட்கிறீர்கள். கார்பனேட் மாத்திரை இஃப்தாருக்குப் பின் சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரையை ஸஹருக்கு எழுந்தவுடன், சாப்பிட அரை மணி நேரம் முன்பு. இரும்பை ஸஹரில் தேநீர் இல்லாமல் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், தைராய்டு மருந்தோடு அதுவும் மோதும். வாரப் பாக்கெட்டுக்குச் சிரமமே இல்லை, ஓர் இரவு போதும். ஹலால் பற்றிய கேள்வி: வைட்டமின் டி3 பெரும்பாலும் செம்மறி ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து தயாரிக்கப்படுகிறது. மென்மையான கேப்ஸ்யூலின் உறை வழக்கமாக ஜெலட்டின், அது எந்தப் பிராணியுடையது என்று அட்டையில் இருப்பதில்லை. மனம் ஒப்பாதவர்கள் பொடியோ மாத்திரையோ கேட்டு வாங்கலாம். மார்க்கத் தீர்ப்பு ஆலிம்களுடையது.

வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் டப்பாக்களில் ஐ.யு.வுக்குப் பதில் மைக்ரோகிராம் என்று போட்டிருக்கும். 1 மைக்ரோகிராம் என்றால் 40 யூனிட். 25 என்று இருந்தால் 1,000 யூனிட், 125 என்று இருந்தால் 5,000. எண் சின்னதாக இருக்கிறது என்று இரண்டு மூன்று போட்டுக்கொள்ளாதீர்கள். அதே நேரத்தில் கால்சியம் மாத்திரையிலும், மல்டிவைட்டமினிலும், பால் பவுடரிலும் வைட்டமின் டி இருக்கலாம். எல்லாவற்றையும் கூட்ட வேண்டும்.

ஒரேயடியாகப் போட்டால் கூடுதல் பலம் வரும் என்ற எண்ணத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2,256 வயதான பெண்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு வருடத்துக்கு ஒரு முறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், அவர்களுக்குத்தான் எலும்பும் அதிகம் முறிந்தது. முழங்கால் தேய்மானத்துக்கு இந்த மாத்திரைகள் மருந்தே அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அளவு மீறியதற்கு அடையாளம் என்ன? பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு, பேச்சில் குழப்பம். இதில் தாகமும் சிறுநீரும் சர்க்கரைக்காரருக்கு வந்தால் வீட்டில் சர்க்கரை ஏறிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். வயதானவர் குழம்பிப் பேசினால் வயது என்று விட்டுவிடுவார்கள். இந்த மருந்து சாப்பிடுகிறவருக்கு இப்படி வந்தால் மாத்திரையை நிறுத்தி, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றே ஜிப்மருக்கோ அருகில் உள்ள மருத்துவமனைக்கோ போங்கள். ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அறக்கட்டளை எடுத்திருக்கும் முடிவு. சிலருக்கு வருத்தம் தரும் என்று தெரியும். வீட்டில் மிஞ்சிய மருந்துகளை நன்மை நாடி நம் பெட்டியில் போடுகிறீர்கள், அல்லாஹ் உங்களுக்குக் கூலி தருவானாக. ஆனால் அதில் வரும் வைட்டமின் டி பாக்கெட்டுகளையும் கால்சியம் அட்டைகளையும் இனி யாருக்கும் எடுத்துக் கொடுக்க மாட்டோம். கால்சியம், வைட்டமின் டிக்கான பண உதவி, சீட்டில் எழுதியுள்ள வாரங்களுக்கு மட்டும். அதற்குப் பிறகு புதிய சீட்டு வேண்டும். அதனால் மிச்சமாகும் தொகையை, ஏழைக் குடும்பங்களின் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுப்பதாக இருக்கிறோம். ஒரே பரிசோதனைக்குப் பல மாதத்து மாத்திரை விலை ஆகிறதே என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். ஆகிறதுதான். இருந்தாலும் எங்களுக்கு இதுவே சரி என்று படுகிறது.

வாரப் பாக்கெட் குடிக்கிறவர்கள் ஜும்ஆ நாளையே அதற்கு வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. குடித்ததும் காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்து வையுங்கள். எட்டுச் சுழி ஆனதும் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். இப்போது அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வராந்தாவில் மேசை போட்டிருப்போம். வீட்டில் இருக்கும் அட்டைகள், பாக்கெட்டுகள், வெளிநாட்டு டப்பாக்கள், பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். எழுத்து சின்னதாக இருந்தால் படித்துச் சொல்ல நம் இளைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.