நிலத்தைக் காக்கும் ஆபத்துக்கால மானியம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

 

நம் சங்கத்தாரில் மிகுதியானோர் உழுதுண்டு வாழும் குடும்பத்தினராதலின், அந்நிய நாட்டு உழவர்க்கு நேர்ந்த ஓர் இடுக்கணையும், அதற்கு அந்நாட்டுச் சர்க்கார் வகுத்துள்ள உபாயத்தையும் இன்று உங்கள்முன் எடுத்துரைக்க முன்வந்தோம்.

2024-ஆம் வருஷம் பிப்ரவரி 26-ந் தேதி அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்து வடபாகத்தில் ஒரு பெருந்தீ மூண்டது. அது 10 லக்ஷம் ஏக்கருக்கு மேற்பட்ட பூமியைக் கரியாக்கிற்று. ஆயிரக்கணக்கான மாடுகள் மாண்டன. பிழைத்தவற்றை மறித்து நிறுத்த வேலியில்லை. கம்பிகள் தளர்ந்து வீழ, மரத்தூண்கள் சாம்பராயின. புல் மழை பெய்தால் மீண்டும் தளிர்க்கும். வேலியோ பணமின்றி முளைக்காது.

இத்தகைய காலத்துக்கென்றே 1978-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் 'ஆபத்துக்கால நிலப் பாதுகாப்புத் திட்டம்' அங்கே ஏற்பட்டுள்ளது. தீ, வெள்ளம், சூறாவளி ஆகியவற்றால் கேடுற்ற நிலத்திலிருந்து குப்பைகூளங்களை அகற்றவும், அரிப்புண்ட வயலைச் சமன்செய்யவும், வேலியைப் புதுப்பிக்கவும், கடும் பஞ்சத்தில் கால்நடைகளுக்குத் தண்ணீர் வசதி செய்யவும் ஆகும் செலவில் பொதுவாக 75 சதவிகிதம் வரை சர்க்கார் ஏற்கலாம். எஞ்சியது உழவனுடைய பொறுப்பு. செத்த மாட்டுக்கும் அழிந்த பயிருக்கும் இதில் ஈடு கிடையாது. அவற்றிற்கு வேறு ஏற்பாடுகள் உள. இத்திட்டம் கருதுவது நிலம் ஒன்றையே.

எல்லாச் சேதமும் இதற்குத் தகுதியாகாது. சீர்செய்யாவிடில் நிலம் பாழாகுமா? விளைவு குன்றுமா? அடிக்கடி நேரும் சேதமா, அசாதாரணமானதா? உதவியின்றி உழவன் தாங்க முடியாத செலவா? இவற்றையே ஆராய்வர். அந்தந்தக் கவுண்டியிலும் உழவர்களே வோட்டளித்துத் தெரிந்தெடுத்த கமிட்டியார் மனுக்களைக் கவனிக்கின்றனர். மண்ணை அறிந்தவரே மண்ணின் நோயைப் பார்க்கின்றனர் என்பது மெச்சத்தக்கது.

இது பிச்சையா என்று சிலர் வினவலாம். அன்று என்போம். 1930-ஆம் வருஷங்களில் அந்நாட்டின் சமவெளிகளில் மேல்மண் புழுதியாய்ப் பறந்தது. குடிகள் ஊரைவிட்டே வெளியேறினர். 1935-இல் மண்காப்புக்கென்று தனிச்சட்டம் பிறந்தது. ஒருவன் நிலம் கெட்டால் ஊரே கெடும் என்பதை அவர்கள் பட்டு அறிந்தனர். ஆதலின் பொதுப்பணத்தைத் தனியார் நிலத்திற் செலவிடுகின்றனர். பெற்றவனும் திருத்திய வேலையைப் பேணிக் காக்கக் கடமைப்படுகிறான்.

ஆயினும் குறையையும் மறைத்தல் தகாது. பொதுவிதியாக, மனுச் செய்யுமுன் வேலையைத் தொடங்கலாகாது; வேலை முடிந்து கணக்குக் காட்டிய பின்னரே பணம் வரும். சட்டசபை நிதி ஒதுக்காவிடில் அதுவும் தாமதிக்கும். கையிற் பணமுள்ளவன் உடனே தூண் நடுவான். இல்லாதவன் மந்தையை விற்பான். ஆகவே யாருக்கு உதவி மிக அவசியமோ, அவனுக்கே அது எட்டாமற் போக இடமுண்டு. இதனை உணர்ந்தே 2018-ஆம் வருஷத்து விவசாயச் சட்டம் வேலிக்கான உதவித்தொகையில் 25 சதவிகிதம் வரை முன்பணமாகக் கொடுக்க இடமளித்தது. எனினும் மீதிக்கு அவன் யாரிடம் போவான்?

அன்பர்களே! இக்கேள்வி எந்நாட்டு உழவனுக்கும் உரியதே. சர்க்கார் உதவி எவ்வளவு பெரிதாயினும், அது வந்து சேருமுன் ஒரு காலம் இருக்கிறது. அந்த இடைக்காலத்திலேதான் நிலம் கைமாறுகிறது. அந்த இடைவெளியை அடைப்பது சங்கத்தின் கடமையன்றோ? நிலம் கேடுற்ற நம் அங்கத்தினருக்கு வட்டியின்றிக் கைமாற்றாகக் கொடுக்க ஒரு சிறு நிதி தொடங்குவோமாக. சேதமுற்ற அன்றே படமெடுத்து, அளவெடுத்து, மனுவெழுத நம் இளைஞர்கள் துணை செய்வாராக.

நிலம் நம் பாட்டன்மார் விட்டுச் சென்றது மட்டுமன்று. பேரப்பிள்ளைகளுக்கு நாம் ஒப்புவிக்க வேண்டிய அடைக்கலப் பொருளுமாம்.