நாலாம் மாச முயல்: பழகின ட்ரேயை ஏன் மறக்குது?

செல்லப் பிராணி எபிசோடுக்கு அப்புறம் முயல் வளர்க்கிறவங்ககிட்ட இருந்து நிறைய வாய்ஸ் நோட் வந்துச்சு. கிட்டத்தட்ட எல்லாம் ஒரே கதை. "குட்டியா இருந்தப்ப ட்ரேல அழகா போச்சு அண்ணா. இப்ப நாலு மாசம் ஆச்சு. மெத்தை, சோஃபா, என் லேப்டாப் பேக் எல்லாத்துலயும் போகுது. யார்கிட்டயாவது குடுத்துருன்னு அம்மா சொல்லுதாங்க."

கடைசி வரியைக் கவனிங்க. முயலை அனுப்பிடலாம்ங்கிற பேச்சு பெரும்பாலும் இந்த வயசுலதான் வரும். "உப்பளம் பக்கம் விட்டா பிழைச்சுக்கும்"னு சொல்றவங்களும் இருக்காங்க. பிழைக்காது. நம்ம ஊர்க் காட்டு முயல் வேற இனம், வெயிலுக்கும் கட்டாந்தரைக்கும் பழகினது. கடையில வாங்குற முயலோட முன்னோர் ஐரோப்பாவுல வளை தோண்டி வாழ்ந்தவங்க. வெள்ளை உடம்போட உப்பள வரப்புல நின்னா, தெருநாய்க்கு ஒரு ராத்திரி போதும். அதனால இதைச் சும்மா சுத்தப் பிரச்சினையா பாக்காதீங்க, இதுல ஒரு உயிர் இருக்கு.

முதல்ல ஒரு விஷயம் தெளிவாகணும். உங்க முயல் எதையும் மறக்கல.

தூத்துக்குடியில இருந்து திருநெல்வேலி போற வழியில வல்லநாடு வெளிமான் சரணாலயம் இருக்குல்ல, 1987-ல அறிவிச்சது? அங்க இருக்குற ஆண் வெளிமான் ஒரே இடத்துல திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டுக் குவிக்கும். "இது என் இடம்"னு மத்த ஆண்களுக்குச் சொல்ற போர்டு அது. முயலும் அப்படித்தான். வளைக்குப் பக்கத்துல பொதுவா ஒரு கழிப்பிடம் வச்சிக்கும், எல்லையைப் புழுக்கையாலயும் மூத்திரத்தாலயும் குறிக்கும். தாடைக்குக் கீழேயும் அதுக்கு வாசனைச் சுரப்பி உண்டு. நாற்காலிக் கால்ல தாடையைத் தேய்க்குதே, அதுவும் கையெழுத்துதான்.

முதல் குணம் நமக்கு உதவி: ஒரே மூலையில போற பழக்கம் பிறவியிலேயே இருக்கு. இரண்டாவது குணம் மூணு நாலு மாசத்துல ஹார்மோன் ஏறும்போது முழிச்சிக்கும். சின்ன இனமா இருந்தா சீக்கிரம், பெரிய இனமா இருந்தா ஆறு மாசம் கூட ஆகும். ஆண் முயல் பின்பக்கத்தைத் திருப்பி மூத்திரத்தைப் பீச்சும். சில பெண் முயலும் பீச்சும். உங்க மெத்தையைக் குறி வைக்கிறதுக்குக் காரணம், உங்க வாசனை அதிகமா இருக்குற இடம் அதுதான்.

இன்னொரு பின்னணியும் இருக்கு. நம்ம மாநிலத்துல முயல் வந்தது பண்ணை விலங்காத்தான். கொடைக்கானல் பக்கம் மன்னவனூர்ல இருக்குற மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்துல ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா மாதிரி இறைச்சி இனங்களை வளர்க்காங்க. பண்ணைன்னா கம்பி வலைக் கூண்டு. புழுக்கை வலை வழியாக் கீழ விழுந்துரும். அந்த மாதிரிக் கூண்டுல பிறந்த குட்டிக்கு "இங்க போகணும், அங்க போகக் கூடாது"ன்னு யோசிக்கவே வாய்ப்பு வந்திருக்காது. அதைப் பழக்குறது நம்ம வேலை.

சரி, என்ன செய்யலாம்?

ஆபீஸ்ல ஒரு பிரச்சினை வந்தா நாங்க முதல்ல லாக் பாப்போம். அதே மாதிரி மூணு நாள் ஒரு பேப்பர்ல குறிச்சி வைங்க: எங்க போச்சு, எப்ப போச்சு, புழுக்கையா, மூத்திரமா, தரையில தேங்கியிருந்துச்சா, சுவத்துல தெறிச்சிருந்துச்சா. தரையில தேங்கினா ட்ரே இருக்குற இடம் அதுக்குப் பிடிக்கலன்னு வச்சுக்கலாம். சுவத்துல தெறிச்சா ஹார்மோன். அங்கங்க நாலு புழுக்கை சிதறிக் கிடந்தா, எல்லை போடுது.

அப்புறம் இடத்தைக் குறைங்க. வீடு முழுக்க ஓட விடாம, ஒரு தடுப்பு போட்டு ஒரு மூலையைக் குடுங்க. அது தானா தேர்ந்தெடுக்குற மூலையிலயே ட்ரேயை வைங்க. அங்க ஒரு வாரம் ஒழுங்கா இருந்தா, கொஞ்சம் கொஞ்சமா இடத்தைக் கூட்டலாம்.

ட்ரேக்கு அகலமான பிளாஸ்டிக் டப் போதும். முயல் உள்ள நின்னு திரும்பணும், அவ்வளவுதான் அளவு. மீன் மார்க்கெட்ல சும்மா கிடைக்குற தெர்மாகோல் பெட்டி வேண்டவே வேண்டாம். முயல் அதைக் கடிச்சு முழுங்கும், அதால வாந்தி எடுக்கவும் முடியாது. பைன், தேவதாரு மரத்தூளும் வேண்டாம், அந்த வாசனை எண்ணெய் அதுக்கு ஆகாது. பூனைக்கு விக்குற கட்டியாகுற மண் வயித்துக்குள்ள போனா ஆபத்து. அடியில நியூஸ்பேப்பர், மேல நல்லாக் காஞ்ச வைக்கோல், அது போதும்.

இப்ப முக்கியமான டிப். முயல் தின்னுக்கிட்டே புழுக்கை போடும். அதனால தீனிப் புல்லை ட்ரேக்கு நேர் மேல, வாய்க்கு எட்டுற மாதிரி கட்டுங்க. தின்ன உக்காரும், அங்கேயே முடிச்சிரும். கம்பு நேப்பியர், கினியாப் புல் மாதிரி பசும்புல் கிடைச்சா நல்லது. ட்ரேல போனா ஒரு கொத்தமல்லி இலை குடுங்க. நம்ம ஊர் மக்ரூனை லஞ்சமா நீட்டிராதீங்க, சர்க்கரை அதோட குடலுக்கு ஆகாது.

அடிக்கிறது, கத்துறது, மூக்கை மூத்திரத்துல அமுக்குறது எதுவும் வேலை செய்யாது. முயல் இரை விலங்கு. நீங்க கத்தினா "இங்க போகக் கூடாது"ன்னு அதுக்குப் புரியாது, "இந்த ஆள் என்னைத் தின்னப் போறான்"னுதான் புரியும்.

சுத்தம் பண்றதுக்கு வினிகரும் தண்ணியும் கலந்து வச்சிக்கோங்க. முயல் உடம்புல மிஞ்சுற கால்சியம் மூத்திரத்துல வெளிய வரும், அதனாலதான் அந்த வெள்ளைப் படிவு. வினிகர் அதைக் கரைச்சிரும். பிளீச் வேண்டாம், மூத்திரத்துல இருக்குற அமோனியாவோட சேர்ந்தா நச்சு வாயு வரும். வெளிய போன இடத்தை வாசனையே இல்லாமத் துடைங்க. ஆனா ட்ரேக்குள்ள மட்டும் ஒரு கைப்பிடி பழைய வைக்கோலை விட்டு வைங்க. அந்த வாசனைதான் அதுக்கு விலாசம்.

மூத்திரம் ஆரஞ்சாவோ சிவப்பாவோ இருந்தா உடனே பயப்படாதீங்க, உணவு நிறமிகளால அப்படி வரலாம். ஆனா முக்கி முக்கிப் போனாலோ, சொட்டுச் சொட்டா வந்தாலோ, ரத்தத் திட்டு தெரிஞ்சாலோ, அது பழக்கப் பிரச்சினை இல்ல. டாக்டர்கிட்ட போங்க. பன்னிரண்டு மணி நேரம் தின்னாம, புழுக்கை போடாம இருந்தா அவசரம், காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க.

இதெல்லாம் செஞ்சும் பீச்சுறது நிக்கலன்னா, அதை நிறுத்துற வழி கருத்தடை ஆபரேஷன்தான். பொதுவா ஆணுக்கு நாலு மாசத்தை ஒட்டி, பெண்ணுக்கு அஞ்சு ஆறு மாசத்துல பண்ணுவாங்க. ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே மாறிடாது. ஹார்மோன் இறங்க சில வாரம் ஆகும். ஆண் முயலுக்கு அதுக்கப்புறமும் ஒரு மாசம் வரைக்கும் குட்டி உண்டாக்குற சக்தி இருக்கலாம், அதனால தனியாவே வைங்க. பெண்ணுக்கு இன்னொரு காரணமும் இருக்கு: ஆபரேஷன் செய்யாத, வயசான பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் ரொம்ப சகஜம்.

டாக்டர்கிட்ட இரண்டு கேள்வி கேளுங்க. ஒண்ணு, "முயலுக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா?" இரண்டு, "ராத்திரி பட்டினி போடணுமா?" நாய், பூனைக்குப் பட்டினி போடுவாங்க. முயலுக்குப் போடக் கூடாது, குடல் நின்னுரும். வாய்வழி பென்சிலின், அமாக்சிசிலின் மாதிரி மருந்தும் முயல் குடலுக்கு விஷம் மாதிரி. நம்ம பக்கத்துல கேட்டுப் பாக்குறதுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

கடைசியா, ஜோடியா வச்சிருக்கிறவங்களுக்கு. "இரண்டுமே பொண்ணு"ன்னு கடைக்காரர் சொன்னதை நம்பி விட்டுராதீங்க, குட்டியில ஆண் பெண் பாக்குறது கஷ்டம். மூணு மாசத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டிப் பிரிச்சிருங்க, கூடப் பிறந்ததா இருந்தாலும். முயலுக்குக் கர்ப்பம் வெறும் 31 நாள்தான்.

நாலு மாசத்துல தொடங்குற இந்தக் கலாட்டா ஒரு பருவம். முயல் நல்லாப் பாத்துக்கிட்டா எட்டு, பத்து வருஷம் கூட வாழும். அதுல இந்தச் சில மாசத்தை மட்டும் வச்சு முடிவு எடுக்க வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க. அதோட, அந்த மெத்தையை நீங்களே துவைச்சுக் குடுங்க, பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துரும். அடுத்த எபிசோட்ல பாப்போம் மக்களே.