ஆட்டக்காரனும் உழைப்பாளியே!

(மணவூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

தோழர்களே! வெற்றி வந்தால் கல்லூரிக்குப் புகழ். கால் முறிந்தால் மாணவனுக்குக் கட்டு! இது நீதியா?

2014ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக் கால்பந்து மாணவர்கள், தாமும் தொழிலாளரே என்று கூறிச் சங்க உரிமை கேட்டனர். வட்டாரத் தொழிலுறவு அதிகாரி ஏற்றார்; 2015இலே தேசிய வாரியம் மனுவைத் தள்ளிற்று.

அங்கே தொழில்முறைக் கால்பந்தில் சேர, பள்ளி முடித்து 3 ஆண்டு கழிய வேண்டும். அதுவரை உழைப்பு கல்லூரிக்கு! 2025இலேதான் கல்லூரியே நேரடியாகப் பணம் தர வழி பிறந்தது. தொழிலாளி எனும் தகுதியோ அப்போதும் பிறக்கவில்லை.

இங்கே? விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தந்துவிட்டால் கடமை தீர்ந்ததா? காயத்துக்கு ஈடும், களத்துக்குப் பின் வாழ்வும் வேண்டாமா? கோப்பையைக் கூடத்திலே வைப்போரே, கொணர்ந்தவனை எங்கே வைப்பீர்? கேட்போம் தோழர்களே! கேட்பது பிச்சையன்று, உழைப்பின் உரிமை!