மயிற்பொறியும் மாருத்தும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாவில் பேசத் தமிழாசிரியை ஒருத்தி வந்தால் சிலம்பையோ கம்பனையோ கையில் எடுப்பாள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நான் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் அருங்காட்சியகம். அதுவும் வானூர்திகளின் அருங்காட்சியகம். இவ்வவைக்கும் அதற்கும் என்ன உறவு என்று புருவம் உயர்த்தும் கவிஞர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். தமிழ் மேடைகளில் வானூர்தி என்ற சொல் எழுந்தால் அடுத்த நொடியே நாம் புறநானூற்றுக்குப் போய்விடுகிறோம். செலுத்துவார் இல்லாமலே வானில் செல்லும் ஊர்தியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிவிட்டார். ஆகவே வானம் நமக்கு அன்றே வசப்பட்டுவிட்டது என்று கைதட்டல் பெற்று அமர்ந்துவிடுகிறோம். அந்தக் கைதட்டலின் மீது எனக்கு நெடுநாளாகவே ஓர் ஐயம் உண்டு. பெங்களூரில் கண்டவை அதை வலுப்படுத்தின.

சில காலத்திற்கு முன் என் மாணவியரோடு தூத்துக்குடியில் மைசூர் விரைவு வண்டி ஏறி, மறுநாள் காலை பெங்களூரில் இறங்கினோம். இந்துஸ்தான் வானூர்தி நிறுவனம் 2001ஆம் ஆண்டு அமைத்த மரபு மையத்தையும் அருங்காட்சியகத்தையும் பார்ப்பது பயணத் திட்டத்தில் கடைசி வரியாக இருந்தது. மாணவியர் கேட்டது வேறு. அவர்களுக்குக் கடைத்தெரு வேண்டும். உள்ளே நுழைந்த பிறகு அவர்களை வெளியே அழைத்து வருவதுதான் பெரும்பாடாயிற்று.

முதற்கூடத்தில் 1940 தொடங்கிப் பத்துப் பத்து ஆண்டுகளாகப் பகுத்துப் புகைப்படங்கள். வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர் மைசூர் அரசின் துணையோடு 1940 டிசம்பரில் தொடங்கிய நிறுவனம் இது. இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்த காலம். பழுது பார்க்க வேண்டிய கேட்டலினா என்னும் நீரில் இறங்கும் வானூர்திகள், அருகிலிருந்த பெல்லந்தூர் ஏரியில் வந்து இறங்கின. ஓட்டைத் தோணியைக் கரையேற்றி மராமத்துச் செய்யும் வேலையைக் கண்டு வளர்ந்த நமக்கு அது புதிய காட்சியன்று. பிறர் செய்ததைச் செப்பனிட்டுக் கற்ற கைகளே பின்பு சொந்தமாகச் செய்யத் துணிந்தன.

1951இல் பறந்த எச்.டி.-2 என்னும் பயிற்சி வானூர்தி அத்துணிவின் முதற்பேறு. அதன் வடிவமைப்புக்குத் தலைமை ஏற்றவர் வி. எம். காட்டகே. ஜெர்மனியின் கோட்டிங்கனில், காற்றியக்க அறிவியலின் தந்தையருள் ஒருவரான பிராண்டிலிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். முனைவர் பட்டம் பெற்ற நானும் அவ்விடத்தில் சற்று நேரம் நின்றேன். என் ஆய்வேடு நூலகத்து அலமாரியில் இருக்கிறது. அவர் கற்றது ஓடுதளத்தில் ஓடி எழும்பியிருக்கிறது!

வானூர்திகளுக்கு அவர்கள் இட்ட பெயர்கள் தமிழாசிரியையின் காதில் விழாமல் போகுமா? கிரண் என்றால் கதிர். அஜீத் என்றால் வெல்லப்படாதவன். பயிருக்கு மருந்து தெளிக்கும் ஊர்திக்கு வசந்தத்தின் பெயர்: பசந்த். பறப்புக் கழகங்களுக்காக 1958இல் செய்த சிறிய ஊர்திக்குப் புஷ்பக் என்று பெயர். இராமாயணத்துப் புட்பகம் எத்தனை பேர் ஏறினாலும் இடம் தரும். இந்தப் புஷ்பக்கில் இருவர்தாம் அமரலாம். அதன் இறக்கை துணி போர்த்தது என்று அறிந்தபோது நான் சீவக சிந்தாமணிக்குப் போய்விட்டேன்.

சச்சந்தன் தன் தேவி விசயைக்காகத் தச்சன் ஒருவனைக் கொண்டு மயிற்பொறி செய்வித்த கதை நீங்கள் அறிந்ததே. திருத்தக்கதேவர் அங்கே மாயமந்திரம் எதையும் அழைக்கவில்லை. துணி, நூல், பயின் என்னும் பசை, அரக்கு, மெழுகு என்று பட்டறையில் என்னென்ன வேண்டுமோ அவற்றை வரிசையாகச் சொல்கிறார். ஏழு நாளில் வேலை முடிந்தது என்கிறார். பொறியை வலப்புறம் திரித்தால் எழும், இடப்புறம் திரித்தால் இறங்கும் என்று இயக்கும் முறையையும் சொல்கிறார். அரசி அதைப் பழகிக்கொள்கிறாள். இறுதியில் அந்த மயில் அரண்மனை முற்றத்தில் இறங்கவில்லை, சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் பிறப்பது அங்கே.

இதைக் கொண்டு அக்காலத்துத் தமிழன் வானூர்தி செய்தான் என்று முழங்குவாரோடு எனக்கு உடன்பாடில்லை. அது காப்பியக் கற்பனை. நான் வியப்பது வேறொன்றை. துறவியாகிய அக்கவிஞர் ஒரு தச்சுப் பட்டறையின் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். பசை எது, அரக்கு எது என்று கேட்டுத் தெரிந்திருக்கிறார். பறப்பதைப் பாட வந்தவர், செய்வதையும் பாடியிருக்கிறார். 1910இல் சென்னையில் உணவு விடுதி நடத்திவந்த டி ஆஞ்சலிஸ் என்பவர் வானூர்தி ஒன்று செய்து பறக்கவிட்டார். அதைச் செய்து கொடுத்தது குதிரை வண்டி கட்டுவதில் பேர்பெற்ற சிம்சன் பட்டறை. வண்டித் தச்சர்கள் வானூர்திக்குச் சட்டம் இழைத்த அந்த நாள்களைத் தமிழ்க் கவிதையில் நான் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

அருங்காட்சியகத்தின் வெளிமுற்றத்துக்கு வருவோம். அங்கே வெயிலில் நிற்கும் ஊர்திகளுள் அழகியது எது என்று கேட்டால் என் மாணவியர் அனைவரும் ஒன்றையே காட்டினர். மெலிந்து நீண்ட மூக்கு. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை. இடை சிறுத்த உடல். அதன் பெயர் மாருத். நாம் மாருதம் என்று வழங்கும் காற்றோடு உறவுடைய பெயர். அந்த அழகின் கதையை நான் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

போர்க்காலத்தில் ஜெர்மனியின் புகழ்பெற்ற சண்டை வானூர்திகளை வடிவமைத்த குர்ட் டாங்க் 1956இல் இந்தியாவுக்கு வந்தார். ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் செல்லவல்ல ஊர்தி ஒன்றை இந்நாட்டிலேயே செய்வது நோக்கம். முதலில் உண்மையான அளவிலேயே இயந்திரம் இல்லாத மரச் சறுக்கூர்தி ஒன்றைச் செய்தார்கள். 1959இல் வேறொரு வானூர்தி அதனைக் கயிற்றில் இழுத்துச் சென்று உயரத்தில் விட்டது. காற்றில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று மீண்டும் மீண்டும் பார்த்தார்கள். மயிற்பொறித் தச்சன் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பான். பின்பு 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் என்னும் விமானி உலோக மாருத்தை முதன்முதலாக வானில் ஏற்றினார்.

உடல் தயார். அந்த உடலுக்கேற்ற இயந்திரம் மட்டும் வரவில்லை. எதிர்பார்த்திருந்த ஆற்றல்மிக்க ஆங்கிலேய இயந்திரத்தின் ஆக்கப்பணி நின்றது. அதனைத் தொடர வேண்டுமானால் செலவை இந்தியா ஏற்க வேண்டும் என்ற நிலை. நம் அரசு ஏற்கவில்லை. ஆர்பியஸ் என்னும் ஆற்றல் குறைந்த இயந்திரம் இரண்டைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். பின்பு எகிப்து உருவாக்கிவந்த இயந்திரம் பொருந்துமா என்று மாருத் ஒன்றை அந்நாட்டுக்கே அனுப்பிப் பார்த்தார்கள். அந்த முயற்சியும் இடையில் நின்றது. இரு மடங்கு வேகத்துக்கென வரையப்பட்ட உடல், ஒலியின் வேகத்தை ஒட்டியே தன் வாழ்நாளைக் கழித்தது. ஆயினும் 147 மாருத்துகள் செய்யப்பட்டன. 1971 போரில் அவை இராஜஸ்தான் முனையில் களம் கண்டன. ஓர் இயந்திரம் அடிபட்ட பின்னும் மற்றொன்றின் துணையால் தளம் திரும்பியவை உண்டு. ஆற்றல் போதாமையால் இரண்டாகப் பொருத்தியது, அந்த வேளையில் உயிர் காத்தது.

அதற்கு ஏறத்தாழ ஈராண்டு முன்னர், 1970 ஜனவரி 10 அன்று, இயந்திரத்தின் உந்துவிசையைக் கூட்டும் ஏற்பாட்டோடு அமைந்த மாருத் ஒன்றைச் சோதித்தபோது சுரஞ்சன் தாஸ் விபத்தில் இறந்தார். முதன்முதலில் அதைப் பறக்கவைத்த அதே மனிதர். அதன் குறையைத் தீர்க்கும் முயற்சியிலேயே மாண்டார். அருங்காட்சியகத்திலிருந்து சிறிது தொலைவில் அவர் பெயரால் ஒரு சாலை இருக்கிறது. பேருந்தில் நடத்துநர் அப்பெயரைக் கூவினார். ஏறுவோரும் இறங்குவோரும் அதை வெறும் நிறுத்தத்தின் பெயராகவே கேட்டனர். உள்ளே கதையை அறிந்து வந்த என் மாணவியர் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

இரண்டாம் கூடத்தில் இயந்திரங்களை நடுவே அறுத்து, உள்ளுறுப்புகள் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். காற்றை உள்வாங்கி, அடுக்கடுக்கான தகடுகளால் நெருக்கி, எரிபொருளோடு எரித்து, பின்புறமாக உமிழ்வது. அந்த உமிழ்வின் எதிர்விசையே ஊர்தியை முன்னே தள்ளுகிறது. கேட்பதற்கு எளிது. அந்த வெம்மையைத் தாங்கிக்கொண்டே இடைவிடாமல் சுழலும் தகட்டைச் செய்வது அரிதினும் அரிது. நம் நாடு தானே செய்ய முனைந்த அத்தகைய இயந்திரம் ஒன்றுக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? காவிரி! தேஜஸ் ஊர்திக்கென்றே உருவாகத் தொடங்கிய அது வேண்டிய விசையை எட்டாமையால், 2001இல் தேஜஸ் அமெரிக்க இயந்திரத்தோடு பறந்தது. 2008இல் காவிரி அத்திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஆளில்லா வானூர்திக்கு அதன் மாற்று வடிவத்தைப் பயன்படுத்தும் பணி பின்பு எடுத்துக்கொள்ளப்பட்டது. செலுத்துவோன் இல்லாத ஊர்தி என்றதும் முதுகண்ணன் சாத்தனார் உங்கள் நினைவுக்கு வரலாம். எனக்கு நினைவில் நின்றவர்கள், வேண்டிய விசை வரவில்லை என்று தெரிந்த நாளிலும் மறுநாள் காலை வேலைக்கு வந்த அந்தப் பொறியாளர்கள்.

வென்ற ஊர்தியை வைத்துப் போற்றுவது எவருக்கும் எளிது. எண்ணியதை எட்டாத ஒன்றை முற்றத்தில், குழந்தைகள் தொட்டுப் பார்க்கும்படி நிறுத்தியிருக்கிறார்களே, அங்குதான் என் மனம் தங்கிவிட்டது. நம் வட்டத்தில் இந்தப் பத்தாண்டுகளில் எத்தனை கவிதைகள் முற்றுப்பெறாமல் போயிருக்கும்! அவை எங்கே? அச்சேறியவை மட்டுமே மலரில் வருகின்றன.

இனி நம் ஊருக்கு வருகிறேன். திசையன்விளைக்கும் திருச்செந்தூருக்கும் இடையே குலசேகரன்பட்டினம் வழியாக ஒரு சிற்றிரயில் ஓடியது. 1940ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. இன்று அதன் தடம் கேட்டால் முதியவர்கள் கைகாட்டும் திசைதான் சான்று. தூத்துக்குடியில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961இல். மாருத் முதன்முதலாகப் பறந்த அதே ஆண்டு. கடலடியில் கிடக்கும் ஒவ்வொரு பாருக்கும் பெயர் வைத்திருந்தார்கள் குளியாட்கள். அவற்றுள் தொள்ளாயிரம் பார் என்ற ஒன்றையாவது சொல்லத் தெரிந்த மாணவி என் வகுப்பில் ஒருத்தியும் இல்லை. பனையேறுவோரின் பாளை அரிவாள், கலயம், பதநீர் காய்ச்சும் விடிலி, கருப்பட்டி ஊற்றும் சிரட்டை ஆகியவை இன்னும் நம் கண்முன் இருக்கின்றன. அவற்றைக் கவிதையில் உவமையாக்குகிறோம். விடிலிக்குள் குனிந்து நுழைந்து, எப்போது பாகு பதம் வந்தது என்று எப்படி அறிகிறார்கள் எனக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் இந்தியாவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்ல வேண்டும். வளைந்தால் எரிபொருள் வீணாகும். சிறிய ஏவுகலங்களால் அந்த இழப்பைத் தாங்க முடியாது. இங்கிருந்தோ நேர் தெற்கே கடல்தான். ஆகவே வானம் இப்போது நம் வாசலுக்கே வந்திருக்கிறது. முதல் ஏவுகலம் எழும் நாளில் வாழ்த்துப்பா எழுத இவ்வவையில் பலர் ஆயத்தமாக இருப்பர் என அறிவேன். அதற்கு முன்னரே போக வேண்டும். அந்தச் செம்மண் தேரியில் கம்பி கட்டுபவரும், பற்றவைப்பவரும், நிலம் கொடுத்துவிட்டு அங்கேயே கூலிக்கு நிற்பவர் இருந்தால் அவரும் என்ன சொற்களைப் பேசுகிறார்கள் என்று கேட்டுக் குறிக்க வேண்டும்.

வட்டத்தின் செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. அடுத்த மலரில் பத்துப் பக்கங்களை ஒதுக்கித் தாருங்கள். ஐந்து பக்கம் விடிலிக்கும் சங்கு குளிப்போருக்கும் உரிய தொழிற்சொற்களுக்கு. அவர்கள் வாய்மொழியாகவே, நம் அழகுபடுத்தல் இல்லாமல். மற்ற ஐந்து பக்கம் உறுப்பினர் ஒவ்வொருவரும் முடிக்க முடியாமல் விட்ட ஒரு கவிதைக்கு, எந்த இடத்தில் நின்றது என்ற குறிப்போடு. சொற்களைத் தொகுக்கும் பொறுப்பை நானும் என் மாணவியரும் ஏற்கிறோம். வரும் பனைக்காலத்தில் தொடங்குகிறோம்.