உழவும் கணக்கும்

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது நம் பழமொழி. நஷ்டம் கண்டு மனம் நொந்த குடியானவனின் வாயிலிருந்து அது பிறந்திருக்க வேண்டும். ஆனால், கணக்குப் பாராதிருந்தால் மட்டும் உழக்கு மிஞ்சிவிடுமா? ஊரில் நிலம் வைத்துவிட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நாம் இக்கேள்வியைச் சற்று ஆராய்வது பயனுடையது.

2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுச் சாகுபடி உடைமைகளில் நூற்றுக்கு 86 உடைமைகள் 2 ஹெக்டேருக்கு உட்பட்டவை. 1 ஹெக்டேருக்கு உட்பட்டவரைக் குறு விவசாயி என்றும், அதற்கு மேல் 2 ஹெக்டேர் வரை உள்ளவரைச் சிறு விவசாயி என்றும் அழைக்கிறோம். இவர்கள் உரத்தையும் விதையையும் சில்லறை விலைக்கு வாங்குகின்றனர். விளைந்ததையோ மொத்த விலைக்கு விற்கின்றனர். பாடுபட்டதன் பலன் இவ்விரண்டு விலைகளுக்கும் இடையே கரைந்துபோகிறது.

ஆதலின் முதலில் வேண்டுவது கணக்கேடு. விதை, உரம், கூலி, வட்டி ஆகியவற்றோடு வீட்டார் உழைப்புக்கும் மதிப்புப் போட்டு எழுத வேண்டும். குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் மத்திய ஆணையமும் குடும்ப உழைப்பைச் செலவில் சேர்த்தே கணக்கிடுகிறது. இவ்வாறு எழுதினால்தான் எந்தப் பயிர் கைகொடுத்தது, எது கைவிட்டது என்பது விளங்கும்.

இரண்டாவது, கல்வி. வேளாண் அறிவியல் நிலையங்களில் முதலாவது 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பெற்றது. இன்று நாடெங்கும் எழுநூறுக்கு மேற்பட்டவை இயங்குகின்றன. உழவரின் வயலிலேயே செய்து காட்டிக் கற்பிப்பது அவற்றின் முறை. விவசாயப் பட்டதாரிகள் மருந்தகம், பண்ணைக் கருவி வாடகை நிலையம் போன்ற தொழில்களைத் தொடங்க, 2002 முதல் 45 நாள் பயிற்சியும் கடனுதவியும் அளிக்கும் திட்டமும் உண்டு.

மூன்றாவது, முதல். 1998-இல் வந்த கிசான் கடன் அட்டையின் பயிர்க் கடனுக்கு, உரிய நாளில் திருப்பிச் செலுத்துவோருக்கு, வட்டிச் சலுகை வரம்பு வரை 4 சதவீத வட்டியே விழுகிறது. குத்தகைதாரரும் வாய்மொழிக் குத்தகைதாரரும் இதற்கு உரியவரே. ஆனால் நடைமுறையில் வங்கி கேட்பது காகிதம். எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகுமோ என்று வெளியூரிலுள்ள உடைமையாளர் அஞ்சுகிறார். விளைவு என்ன? உழுகிறவர் கந்துவட்டிக்காரரின் வாசலில் நிற்கிறார். 4 முதல் 10 பேர் சேர்ந்து கூட்டுப்பொறுப்புக் குழு அமைத்தால், ஈடின்றியே கடன் பெற வழியுண்டு. இச்செய்தி பல குத்தகைதாரரின் காதுக்கு எட்டவில்லை.

நான்காவது, கூட்டு முயற்சி. 2002-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத் திருத்தத்தின் பயனாக, உற்பத்தியாளர் பதின்மர் கூடினாலே தமக்கெனக் கம்பெனி அமைக்கலாம். பங்கு எத்தனையாயினும் ஆளுக்கு ஒரு வாக்கே என்பது அதன் பொது விதி. இத்தகைய அமைப்புகள் பத்தாயிரம் உருவாக வேண்டுமென்று 2020-இல் மத்திய அரசு ஒரு திட்டம் வகுத்தது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் இருந்தால், மூன்றாண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்குக் கிடைக்க அத்திட்டம் வழி செய்தது. சில்லறையாக வாங்கியதை மொத்தமாக வாங்கவும், ஒரு மூட்டையாக விற்றதை ஒரு லாரியாக விற்கவும் இது துணை செய்யும். எனினும் பணம் நின்ற பின்னும் கம்பெனி நிற்க வேண்டுமாயின், வரவு செலவு அறிந்த மேலாளர் வேண்டும். கிராமங்களில் அரியவர் அவரே.

இங்கேதான் நமக்குப் பணியுண்டு. பேரேடு, வரி, வங்கிக் கடிதம், சரக்கு ரசீது ஆகியவை நம்மவர் பலருக்கு அன்றாட அலுவல். ஓய்வுபெற்று ஊர் திரும்புவோர் ஏர் பிடிக்க வேண்டுமென்பதில்லை. ஏடு பிடித்தாலே போதும். திரும்ப இயலாதோர், தம் நிலத்தை உழுகிறவருக்கு வழக்கறிஞரைக் கலந்து முறையான குத்தகைச் சீட்டு எழுதித் தரலாம். அச்சீட்டு அவருக்கு வங்கியின் கதவைத் திறக்கும். நம் நிலமும் தரிசாகாது. உழக்கு மிஞ்சுமா என்ற கேள்விக்கு அவரும் நாமும் சேர்ந்தே விடை காண இயலும்.