கண்டித்தவரா தோற்றார்?

நடுவர் அவர்களே! 'கண்டிச்சா ஓடிப்போயிடுவாங்க'ன்னு எதிரணித் தோழர் பயமுறுத்தினார். ஓடட்டுமே!

மெல்போர்னில் ஜாக் வொரல்னு ஒருத்தர். முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடுகிற ஆஸ்திரேலியக் கால்பந்தில் ஃபிட்ஸ்ராய் அணித் தலைவர். கிரிக்கெட்டிலும் 11 டெஸ்ட் ஆடியவர். 1902-ல் கார்ல்டன் சங்கத்துக்குச் செயலாளரா வந்தார், பயிற்சியையும் கையில் எடுத்தார். சலுகையே கிடையாது! 1906, 1907, 1908 மூணு வருஷமும் பட்டம் கார்ல்டனுக்கு.

1909-ல் ஆட்டக்காரர்களே கொடி பிடிச்சாங்க. மனுஷன் பயிற்சியாளர் பதவியை விட்டார். எதிரணி கைதட்ட வேண்டாம், பொறுங்க! அந்த வருஷ இறுதியாட்டத்தில் கார்ல்டன் 2 புள்ளியில் தோத்தது.

1911-ல் எஸ்ஸெண்டன்காரங்க அவரைக் கூப்பிட்டாங்க. அந்த வருஷமும் மறுவருஷமும் பட்டம் யாருக்கு? எஸ்ஸெண்டனுக்குத்தாங்க!